மிகப் பெரிய தரவுத்தளங்கள் பற்றிய பன்னாட்டு மாநாடு

மிகப் பெரிய தரவுத்தளங்கள் பற்றிய பன்னாட்டு மாநாடு (சுருக்கமாக வி.எல்.டி.பி.) என்பது தரவுத்தள ஆய்வாளர்களும் தரவுத்தள மென்பொருள்களை உருவாக்குவோரும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கல்விசார் மாநாடு ஆகும். இதன் முதற் கூட்டம் 1975 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிரேமிங்காம் என்னும் நகரில் நடைபெற்றது. அன்று தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு நாடுகளில் இம்மாநாடு கூட்டப்பட்டு வருகிறது. தரவுத்தளத் துறையின் தலையாய மாநாடுகளாக எண்ணப்படும் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

இம்மாநாடு இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. முதலாவது, இன்று வங்கிகளிலும் கடைகளிலும் இணையத் தேடலிலும் பயன்படும் பல கருத்துக்கள் இங்கு முதன்முதலில் வெளியிடப்பட்டவை. இரண்டாவது, ஆய்வுக் கட்டுரைகளை எவ்வாறு மதிப்பிடுவது, யார் அவற்றைப் படிக்க முடியும் என்னும் கேள்விகளுக்கு விடை தேடி, 2008 ஆம் ஆண்டு முதல் தனது அமைப்பையே மாற்றிக்கொண்ட மாநாடு இது. அம்மாற்றம் பின்னர் பிற மாநாடுகளின் போக்கிலும் எதிரொலித்தது.

பின்னணி

தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்திச் சேமிக்கப்பட்ட தரவுகளின் தொகுதி. தொடருந்து முன்பதிவு, வங்கிக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவேடுகள், பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் ஆகியன எல்லாம் இன்று தரவுத்தளங்களிலேயே வைக்கப்படுகின்றன. அவற்றைச் சேமித்தல், தேடுதல், திருத்துதல், பாதுகாத்தல் ஆகிய பணிகளைச் செய்யும் மென்பொருள் தரவுத்தள மேலாண்மை அமைப்பு எனப்படும்.

1960களில் இத்தகைய அமைப்புகளில் ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவுக்குச் செல்லும் வழியை நிரலாளரே எழுதவேண்டியிருந்தது. 1970 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் உறவுசார் மாதிரி என்னும் கருத்தை வெளியிட்டார். தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்து, என்ன வேண்டும் என்பதை மட்டும் பயனர் கூறினால் போதும். எந்த வழியில் தேடுவது என்பதை மென்பொருள் தானே தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். இதனைப் பலர் நடைமுறைக்கு ஒவ்வாத கணிதக் கற்பனை என்று கருதினர். 1974 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த ஒரு பயிலரங்கில் காட் ஒரு தரப்பிலும், பழைய வலையமைப்பு மாதிரியின் முன்னோடியான சார்லசு பாக்மன் மறு தரப்பிலும் நின்று இதுபற்றி விவாதித்தனர். அறிஞர்கள் நேரில் கூடி வாதிட ஒரு நிலையான களம் வேண்டும் என்னும் தேவை மிகுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் சிக்மாட் மாநாடு மே மாதத்தில் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலும், வி.எல்.டி.பி. மாநாடு செப்டம்பரில் பிரேமிங்காமிலும் தொடங்கின.

பெயர்க் காரணம்

"மிகப் பெரிய" என்னும் அடைமொழி தொடங்கிய காலத்தின் அளவுகோலைக் காட்டுகிறது. 1970களின் நடுப்பகுதியில் பெருங்கணினிகளுடன் பயன்பட்ட ஐ.பி.எம். 3330 வகை வட்டின் மேம்பட்ட வடிவத்தில், ஒரு வட்டுத் தொகுதியில் ஏறத்தாழ 200 மெகாபைட் தரவைச் சேமிக்க முடிந்தது. இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் சில நிமிட நிகழ்படமே அந்த அளவை விஞ்சிவிடும். ஆயினும் பெயர் மாற்றப்படவில்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் அடங்காத அளவு தரவு இருக்கும்போது அதனை எவ்வாறு கையாள்வது என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். அளவுகள் பெருகினாலும் அச்சிக்கல் அப்படியே இருப்பதால் பெயர் இன்றும் பொருந்துகிறது.

கணினியியலில் மாநாட்டின் இடம்

இயற்பியல், மருத்துவம் போன்ற துறைகளில் மாநாடு என்பது பெரும்பாலும் ஆய்வின் இடைநிலை முடிவுகளைப் பேசும் இடம். முழுமையான கட்டுரை பின்னர் ஓர் ஆய்விதழில் வெளிவரும். கணினியியலின் பல பிரிவுகளில் நிலைமை வேறு. மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகும் கட்டுரையே பெரும்பாலும் அந்த ஆய்வின் இறுதியான வெளியீடு ஆகும். எனவே வி.எல்.டி.பி. போன்ற மாநாட்டில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவது ஆய்வு மாணவர் ஒருவரின் பட்டம், வேலைவாய்ப்பு, பேராசிரியர்களின் பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியது. இக்காரணத்தாலேயே மாநாட்டின் தேர்வு முறை பற்றிய கேள்விகள் வெறும் நிருவாகக் கேள்விகளாக நின்றுவிடுவதில்லை.

குறிப்பிடத்தக்க கட்டுரைகள்

உருபொருள்–உறவு மாதிரி (1975). முதல் மாநாட்டிலேயே பீட்டர் சென் இம்மாதிரியை அறிமுகப்படுத்தினார். இதன் முழுக் கட்டுரை 1976 ஆம் ஆண்டு வேறோர் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு நூலகத்தை எடுத்துக்கொண்டால் நூல், உறுப்பினர் ஆகியன உருபொருட்கள். "இரவல் பெறுகிறார்" என்பது அவற்றுக்கிடையேயான உறவு. இவற்றைக் கட்டங்களாகவும் சாய்சதுரங்களாகவும் வரைந்து காட்டினால், கணினி அறியாத நூலகரும் வடிவமைப்பைச் சரிபார்க்க முடியும். இன்றும் கல்லூரிகளில் தரவுத்தளப் பாடத்தின் தொடக்கத்தில் மாணவர் வரையும் படம் இதுவே. இதே மாநாட்டில், வெற்று அட்டவணை ஒன்றில் எடுத்துக்காட்டுகளை நிரப்பியே வினவல் செய்யும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் மோசே சுலூஃப் விளக்கினார்.

பரிவர்த்தனைக் கருத்து (1981). பிரான்சின் கான் நகரில் நடந்த மாநாட்டில் ஜிம் கிரே, பரிவர்த்தனை என்னும் கருத்தின் நன்மைகளையும் எல்லைகளையும் ஆராய்ந்தார். ஒருவர் தமது கணக்கிலிருந்து 500 ரூபாயை மற்றொருவருக்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். ஒரு கணக்கில் கழித்தலும் மற்றதில் கூட்டலும் ஆகிய இரண்டும் நடைபெறவேண்டும். அல்லது இரண்டுமே நடைபெறக்கூடாது. இடையில் மின்சாரம் நின்றாலும் பணம் காணாமற் போகக்கூடாது. பணி முடிந்தது என்று அறிவித்த பின் அது அழியவும் கூடாது. இவ்வகை உறுதிமொழிகளைப் பொதுவான ஒரு கருத்தாக அக்கட்டுரை தொகுத்துக் கூறியது. கிரே 1998 ஆம் ஆண்டு டூரிங் விருது பெற்றார்.

தொடர்பு விதிகளைக் கண்டறிதல் (1994). சிலி நாட்டின் சான்டியாகோ நகரில் ராகேசு அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் ஆகியோர் அப்ரியோரி என்னும் படிமுறையை வெளியிட்டனர். இருவரும் அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வு மையத்தில் பணியாற்றினர். கடையில் சேரும் விலைப்பட்டியல்களிலிருந்து "இதை வாங்குவோர் அதையும் வாங்குகின்றனர்" என்னும் விதிகளைக் கண்டறிவதே இதன் நோக்கம். ஓர் எடுத்துக்காட்டு: 1000 பட்டியல்களில் 200 பட்டியல்களில் காப்பித்தூளும், அவற்றுள் 150 பட்டியல்களில் சர்க்கரையும் உள்ளன எனில், காப்பித்தூள் வாங்குவோருள் 75 விழுக்காட்டினர் சர்க்கரையும் வாங்குகின்றனர் என்பது பெறப்படும்.

கேட்க எளிதாயினும் கணக்கிடுவது கடினம். கடையில் 1000 வகைப் பொருட்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்கும் வழிகள் 4,99,500. மும்மூன்றாகச் சேர்க்கும் வழிகள் 16 கோடிக்கும் மேல். அவை ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்ப்பது இயலாது. அப்ரியோரி ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்துகிறது: காப்பித்தூளும் ஊறுகாயும் சேர்ந்து அரிதாகவே விற்கின்றன எனில், அவ்விரண்டுடன் மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்த தொகுதி அதைவிட அடிக்கடி விற்க முடியாது. எனவே அத்தொகுதிகளை எண்ணாமலே நீக்கிவிடலாம். தரவு அகழ்வு என்னும் துறையின் அடித்தளக் கட்டுரைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இப்போக்கிராட்டீசுத் தரவுத்தளங்கள் (2002). ஆங்காங்கில் நடந்த மாநாட்டில் அகர்வாலும் அவருடைய குழுவினரும் வேறொரு திசையில் ஒரு கட்டுரை அளித்தனர். நோயாளியின் மறையைக் காப்பேன் என்று மருத்துவர் உறுதிமொழி எடுப்பதுபோல், தரவுத்தளமும் தன்னிடமுள்ள தனியாள் தரவைக் காக்கும் கடமை கொண்டதாக வடிவமைக்கப்படவேண்டும் என்றனர். எந்த நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்துதல், உரியவரின் இசைவு பெறுதல், தேவைக்கு மேல் வைத்திராமை முதலிய பத்துக் கொள்கைகளை அது முன்வைத்தது. வாங்குவோரின் பழக்கத்தைக் கண்டறியும் கருவியை அளித்தவர்களே அதன் எல்லையைப் பற்றியும் பேசியது கவனிக்கத்தக்கது.

நிரல்வழிச் சேமிப்பு (2005). நோர்வேயின் துரோண்ட்எய்ம் நகரில் மைக்கேல் இசுடோன்பிரேக்கரும் பிறரும் சி-இசுடோர் என்னும் அமைப்பை விளக்கினர். வழக்கமான தரவுத்தளம் ஒரு மாணவரின் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே நிரையாக அடுத்தடுத்து வைக்கும். எல்லா மாணவரின் சராசரி மதிப்பெண் மட்டும் வேண்டும்போது தேவையற்ற முகவரிகளையும் சேர்த்தே வட்டிலிருந்து படிக்கவேண்டியிருக்கும். மதிப்பெண்களைத் தனி நிரலாகச் சேமித்தால் அந்நிரலை மட்டும் படித்தால் போதும். ஒரே வகைத் தரவு அடுத்தடுத்து இருப்பதால் சுருக்கிச் சேமிப்பதும் எளிது. பெருந்தரவுப் பகுப்பாய்வில் இம்முறை பின்னர் பரவலாகியது. 2010 ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் கூகுள் நிறுவனத்தினர் விளக்கிய டிரெமல் அமைப்பும் நிரல்வழிச் சேமிப்பைப் பயன்படுத்தியதே. அந்நிறுவனத்தின் பிக்குவெரி சேவை அதன் வழிவந்தது.

கட்டுரைகள் தேர்வு செய்யப்பட்ட பழைய முறை

தொடக்கம் முதல் 2000களின் நடுப்பகுதி வரை இம்மாநாடும் பிற கணினியியல் மாநாடுகளைப் போன்றே கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு ஒரு கடைசி நாள் அறிவிக்கப்படும். அந்நாளுக்குள் வந்துசேரும் கட்டுரைகளை நிகழ்ச்சித் திட்டக் குழுவின் உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டு மதிப்பிடுவர். பின்னர் ஏற்பு அல்லது மறுப்பு என்னும் முடிவு அறிவிக்கப்படும்.

இம்முறையில் பல குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன.

* மதிப்பீட்டாளர் ஒரு கட்டுரையைத் தவறாகப் புரிந்துகொண்டாலோ, சிறு திருத்தத்தால் சரியாகக்கூடிய குறையைக் கண்டாலோ, திருத்தி அனுப்புமாறு கேட்கப் போதிய காலம் இருக்கவில்லை. முடிவு ஆம், இல்லை என்னும் இரண்டே வகை.
* மறுக்கப்பட்ட கட்டுரையை ஆசிரியர் அடுத்த மாநாட்டுக்கு அனுப்புவார். அங்கு வேறு மதிப்பீட்டாளர்கள் அதனை முதலிலிருந்து படிப்பர். ஒரே கட்டுரைக்குப் பலர் திரும்பத் திரும்ப உழைக்க நேர்ந்தது. முன்பு கூறப்பட்ட குறைகளைத் திருத்தாமலே, நற்பேறு வாய்க்கும் என்னும் எண்ணத்தில் மீண்டும் அனுப்பவும் இது இடமளித்தது.
* எல்லாக் கட்டுரைகளும் ஒரே நாளில் குவிவதால், மதிப்பீட்டாளர் குறுகிய காலத்தில் பல கட்டுரைகளைப் படிக்கவேண்டியிருந்தது. அவசரத்தில் செய்யப்படும் மதிப்பீட்டின் தரம் ஐயத்துக்குரியதாகியது.
* கடைசி நாளைத் தவறவிட்டவர் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆகவே முற்றுப்பெறாத ஆய்வை அவசரமாக அனுப்பும் வழக்கமும் பெருகியது.

ஆசிரியர் பெயரை மறைப்பது பற்றிய விவாதம்

மதிப்பீட்டாளருக்குக் கட்டுரை ஆசிரியரின் பெயர் தெரியவேண்டுமா என்பது இத்துறையில் நெடுநாள் விவாதம். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டதும் மதிப்பீட்டாளர் தம்மை அறியாமலே சாய்ந்துவிடக்கூடும் என்பது ஒரு தரப்பு. முந்தைய ஆய்வுகளின் தொடர்ச்சியாக எழுதுவோர் பெயரை மறைப்பது செயற்கையானது. எழுத்தைக் கண்டே ஆளை ஊகித்துவிடலாம் என்பது மறு தரப்பு.

சிக்மாட் மாநாடு 2001 ஆம் ஆண்டு முதல் ஆசிரியர் பெயரை மறைக்கும் முறையை மேற்கொண்டது. வி.எல்.டி.பி. அவ்வாறு செய்யவில்லை. இதனால் ஒரே துறையின் இரு மாநாடுகள் வெவ்வேறு முறையில் இயங்கி, இயல்பான ஒரு சோதனைக் களமாக அமைந்தன. சாமுவேல் மேடன், டேவிட் டிவிட் ஆகியோர் 2006 ஆம் ஆண்டு இரு மாநாடுகளின் வெளியீட்டுக் கணக்கை ஒப்பிட்டு, பெயர் மறைப்பால் மூத்த ஆய்வாளர்களின் வெளியீட்டு வீதம் மாறவில்லை என்றனர். அதே ஆண்டில் ஆந்தனி துங், அதே புள்ளிவிவரத்தை எடுத்துச் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைப் பயன்படுத்தி ஆராய்ந்து, மாற்றம் உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். ஒரு சிலர் மிக அதிகக் கட்டுரைகளை வெளியிடும்போது சராசரி அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். ஒரே தரவு, வெவ்வேறு அளவை, வெவ்வேறு முடிவு என்பது தரவைக் கையாளும் துறையினருக்கே ஒரு பாடமாக அமைந்தது.

2008 ஆம் ஆண்டின் மாற்றம்

மேற்கூறிய குறைகளை நீக்கும் பொருட்டு, மாநாட்டையும் ஆய்விதழையும் இணைக்கும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச். வி. ஜகதீஷ் இதில் முதன்மையான பங்கு வகித்தார். 2008 ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த மாநாட்டின் கட்டுரைகள், வி.எல்.டி.பி. மாநாட்டு ஏடு (பி.வி.எல்.டி.பி.) என்னும் புதிய இதழின் முதல் தொகுதியாக வெளிவந்தன. ஜகதீஷ் அதன் முதல் தலைமை ஆசிரியர் ஆனார். அடுத்த சில ஆண்டுகளில் புதிய முறை படிப்படியாக முழுமை பெற்றது. அது பின்வருமாறு இயங்குகிறது.

* ஆண்டுக்கு ஒரு கடைசி நாளுக்குப் பதிலாக மாதந்தோறும் கட்டுரை அனுப்பலாம்.
* மதிப்பீட்டாளர்கள் ஏற்பு, மறுப்பு ஆகியவற்றுடன் "திருத்தி அனுப்புக" என்னும் மூன்றாவது முடிவையும் கூறலாம். திருத்திய கட்டுரையை முன்பு படித்த அதே மதிப்பீட்டாளர்களே மீண்டும் படிப்பர்.
* மறுக்கப்பட்ட கட்டுரையை 12 மாதங்களுக்கு இதே இதழுக்கு மீண்டும் அனுப்ப முடியாது.
* ஏற்கப்பட்ட கட்டுரை மாநாட்டுக்காகக் காத்திராமல் இதழில் வெளிவரும். குறிப்பிட்ட நாளுக்கு முன் ஏற்கப்பட்டவை அவ்வாண்டு மாநாட்டில் உரையாக அளிக்கப்படும். பிற்பட்டவை அடுத்த ஆண்டு மாநாட்டுக்குச் செல்லும்.

இதனால் "இது மாநாட்டுக் கட்டுரையா, இதழ்க் கட்டுரையா" என்னும் பழைய பாகுபாடு மறைந்தது. இதழ்க் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்ளும் பல்கலைக்கழகங்களில் பணியாற்றுவோருக்கு இது பயனளித்தது. மதிப்பீட்டாளருக்கும் ஆசிரியருக்கும் இடையே ஓரளவு உரையாடல் ஏற்பட்டது. மாதந்தோறும் மதிப்பீடு செய்யவேண்டியிருப்பதால் குழு உறுப்பினர்களின் பணி ஆண்டு முழுவதும் நீடிக்கிறது என்பது இதன் மறுபக்கம். சிக்மாட் மாநாடும் 2023 ஆம் ஆண்டு முதல் தனது கட்டுரைகளை ஓர் ஆய்விதழாக வெளியிடத் தொடங்கியது.

திறந்த அணுக்கம்

பி.வி.எல்.டி.பி. இதழின் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றன. 1975 முதலான பழைய மாநாட்டுக் கட்டுரைகளுள் மிகப் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதன் முக்கியத்துவத்தை ஒரு சிறிய கல்லூரியின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலான ஆய்விதழ்களுக்கு நூலகங்கள் ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தவேண்டும். சந்தா செலுத்த இயலாத கல்லூரியின் மாணவர், ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிற்க நேரும். வி.எல்.டி.பி. கட்டுரையைப் பொறுத்தவரை, ஸ்டான்போர்டில் படிக்கும் மாணவருக்கும் ஒரு சிற்றூர்ப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் கிடைப்பது ஒன்றே. மாநாட்டுக்கு நேரில் செல்வதற்கான பயணச் செலவு, பதிவுக் கட்டணம், நுழைவுச் சான்று ஆகிய தடைகள் இன்னும் உள்ளன. ஆனால் படிப்பதற்கான தடை நீங்கியுள்ளது.

முடிவுகளைச் சரிபார்த்தல்

தரவுத்தள ஆய்வுக் கட்டுரைகளில் "எமது முறை முந்தையதைவிட இத்தனை மடங்கு விரைவானது" என்னும் கூற்று அடிக்கடி இடம்பெறும். அதனை மற்றொருவர் தம் கணினியில் செய்துபார்க்க முடியாவிட்டால் அக்கூற்றை நம்புவதற்கு ஆசிரியரின் சொல்லே சான்றாகிவிடும். இதனைக் கருதி, 2008 மாநாட்டில் சோதனைகளுக்கும் பகுப்பாய்வுக்கும் எனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. புதிய முறை எதையும் முன்வைக்காமல், முன்பே வெளிவந்த பல முறைகளை ஒரே சூழலில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுரைகளுக்கும் இதனால் மதிப்புக் கிடைத்தது. பின்னர் பி.வி.எல்.டி.பி. இதழில், ஏற்கப்பட்ட கட்டுரைகளின் நிரல்களையும் தரவுகளையும் பெற்று, சோதனைகளைத் தனிக்குழு மீண்டும் செய்துபார்க்கும் முயற்சியும் தொடங்கப்பட்டது.

காலத்தின் மதிப்பீடு

ஒரு கட்டுரையின் உண்மையான மதிப்பு அது ஏற்கப்படும் நாளில் தெரிவதில்லை. இதனை உணர்ந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் மாநாட்டில் வெளிவந்து பெரும் தாக்கம் ஏற்படுத்திய கட்டுரைக்கு ஒரு விருது வழங்கப்படுகிறது. 1994 ஆம் ஆண்டின் அப்ரியோரி கட்டுரை 2004 ஆம் ஆண்டிலும், 2010 ஆம் ஆண்டின் டிரெமல் கட்டுரை 2020 ஆம் ஆண்டிலும் இவ்விருதைப் பெற்றன. விருது பெறுவோர் தமது கருத்து நடைமுறையில் எவ்வாறு மாறியது, எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பன பற்றி மாநாட்டில் உரையாற்றுவது வழக்கம். மாணவர்கள் முதற் கட்டுரையையும் பத்தாண்டுக்குப் பிந்தைய உரையையும் சேர்த்துப் படிப்பது ஓர் ஆய்வுக் கருத்தின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள உதவும்.

நிருவாகமும் நிகழ்ச்சிகளும்

மாநாட்டை வி.எல்.டி.பி. அறக்கட்டளை நடத்துகிறது. இது ஐக்கிய அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பு. 1992 ஆம் ஆண்டு முதல் வி.எல்.டி.பி. ஆய்விதழ் என்னும் தனி இதழும் வெளிவருகிறது. இது முன்னர்க் கூறிய மாநாட்டு ஏட்டினின்றும் வேறானது. மாநாட்டின் ஆய்வுரைகளுடன் பின்வருவனவும் இடம்பெறும்.

* தொழிற்றுறையினர் தமது அமைப்புகளை விளக்கும் உரைகள்
* உருவாக்கிய மென்பொருளை இயக்கிக் காட்டும் செயல்விளக்கங்கள்
* ஒரு தலைப்பை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் பாடவுரைகள்
* சிறப்புரைகளும் குழு விவாதங்களும்
* குறிப்பிட்ட தலைப்புகளிலான பயிலரங்குகள்
* முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிலரங்கு

மாநாடு நடைபெற்ற இடங்கள்

அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஆசிய–பசிபிக் பகுதி ஆகியவற்றுக்கிடையே மாநாடு மாறி மாறி நடத்தப்பட்டு வந்துள்ளது. இரண்டாவது மாநாடு 1976 இல் பெல்சியத்தின் பிரசெல்சிலும், மூன்றாவது 1977 இல் சப்பானின் தோக்கியோவிலும் நடந்தன. பிற்காலத்தில் நடந்த சில:

* 1984 – சிங்கப்பூர்
* 1990 – பிரிஸ்பேன், ஆத்திரேலியா
* 1996 – மும்பை, இந்தியா
* 2000 – கெய்ரோ, எகிப்து
* 2007 – வியன்னா, ஆசுதிரியா
* 2012 – இசுதான்புல், துருக்கி
* 2016 – புது தில்லி, இந்தியா
* 2018 – இரியோ டி செனீரோ, பிரேசில்
* 2023 – வான்கூவர், கனடா
* 2024 – குவாங்சோ, சீனா
* 2025 – இலண்டன், ஐக்கிய இராச்சியம்

2020 ஆம் ஆண்டு மாநாடு தோக்கியோவில் நடைபெறுவதாக இருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றால் அது முழுவதும் இணையவழியில் நடத்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டு கோபனேகன் மாநாட்டில் நேரிலும் இணையவழியிலும் பங்கேற்க வழி செய்யப்பட்டது.

இந்தியத் தொடர்பு

இந்தியாவில் இம்மாநாடு இருமுறை நடந்துள்ளது. 1996 மும்பை மாநாட்டின் தொகுப்பாசிரியர்களுள் ஒருவர் சி. மோகன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியபோது ஏரீசு என்னும் மீட்பு முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். கணினி இடையில் செயலிழந்தால், பதிவேட்டில் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு தரவுத்தளத்தைச் சரியான நிலைக்குத் திருப்பும் முறை அது. கிரே விளக்கிய உறுதிமொழிகள் வணிக மென்பொருள்களில் நிறைவேற இவ்வகை முறைகளே துணைபுரிந்தன. 1999 ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த வி.எல்.டி.பி. மாநாட்டில் இப்பணி பத்தாண்டு விருதால் சிறப்பிக்கப்பட்டது.

அப்ரியோரி கட்டுரையின் ஆசிரியருள் ஒருவரான ஸ்ரீகாந்தும், 2016 மாநாட்டுத் தொகுதியின் தலைமை ஆசிரியர் இருவருள் ஒருவரான பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜெயந்த் அரித்சாவும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவர்கள். அரித்சாவும் அவருடைய மாணவரும் 2005 மாநாட்டில் அளித்த கட்டுரை, வினவலுக்கு ஏற்ற வழியைத் தரவுத்தளங்கள் தெரிவு செய்யும் முறையை வண்ணப் படங்களாக வரைந்து ஆராய்ந்தது. எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான உருவங்கள் அப்படங்களில் வெளிப்பட்டன. வணிக மென்பொருளின் உள்ளமைப்பை வெளியிலிருந்தே ஆராயலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இவற்றையும் பார்க்க

* தரவுத்தள மேலாண்மை அமைப்பு
* உறவுசார் மாதிரி
* உருபொருள்–உறவு மாதிரி
* தரவு அகழ்வு
* சிக்மாட் மாநாடு
* திறந்த அணுக்கம்